ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளுக்குள்

ஆம்பூர் டேனியலைப் போல மரியாதை தெரிந்த மனுஷரை நீங்கள் எங்கேயும் பார்க்க முடியாது. ஒரே ஒரு நிபந்தனை. நீங்கள் பிரேசிலிலோ பின்லாந்திலோ இருக்க வேண்டும். அவர் தெருவிலேயே குடியிருந்து தொலைத்தீர்கள் என்றால் அந்த மரியாதை உங்கள் வாசல் வரைக்கும் வந்து சேராது. இது மரியாதையைப் பற்றிய கதை என்பதால் நானும் அவரை 'அவர்' என்றே சொல்லிவிடுகிறேன். நமக்கு எதற்குப் பொல்லாப்பு?

அவருக்கு வயது நாற்பதைத் தொடப்போகிறது. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை. அவர் அப்பா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டிப் பக்கம் முப்பது வருஷம் கால் வெந்து நின்று, அந்தக் காசில் கட்டிய மாடி வீடு. அதே வீட்டு ஜன்னலில் நின்றுகொண்டு, ஷாப்பிலிருந்து வேலை முடிந்து போகிறவர்களைப் பார்த்து மூக்கைப் பிடிப்பார் டேனியல். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார், புண்ணியவான். இதைப் பார்க்கிற கொடுப்பினை அவருக்கு இல்லை.

கம்பெனி வேலை வயிற்றுக்கு. உயிர் இருந்தது 'ஸ்டிச்சோ'வில். ஷூவுக்கும் கைப்பைக்கும் தோலை எந்த வடிவத்தில் வெட்ட வேண்டும் என்று திரையில் வரைந்து காட்டுகிற மென்பொருள் அது. காசு கிடையாது. யார் வேண்டுமானாலும் அதன் உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், நாலு பேருக்குக் கொடுக்கலாம். உலகம் பூராவும் இருக்கிறவர்கள் கிடைத்த நேரத்தில் சம்பளம் இல்லாமல் கூடிச் செய்கிற காரியம். முதலாளி இல்லாத இடம் என்பதால் அவர்களே கூடி விதி போட்டு, அதன்படி அவர்களே நடந்துகொள்வார்கள். கேட்கவே நன்றாக இருக்கிறதல்லவா? சத்தியமாக நல்ல விஷயம்தான். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

அங்கே டேனியல் பெரிய புள்ளி. 'ஒருவரோடு ஒருவர் எப்படி நடந்துகொள்ள வேண்டும்' என்கிற விதிகளில் பாதி அவர் எழுதியது. யாரோ ஒரு பொடிப்பயல் பின்லாந்திலிருந்து தப்பும் தவறுமாக ஏதாவது செய்து அனுப்பினால், "உங்கள் அருமையான முயற்சிக்கு மனமார்ந்த நன்றி. ஒரு சின்ன யோசனை மட்டும் சொல்லலாமா?" என்று கேட்டு எழுதுவார். அதை எழுதிக்கொண்டிருக்கும்போதே, காபியில் சர்க்கரை கம்மி என்று மனைவி மெர்சியைப் பார்த்து, "மண்டையில இன்னாதான் இருக்குது உனக்கு?" என்று கத்துவார். மெர்சி சர்க்கரை டப்பாவைக் கொண்டுவந்து கீபோர்டு பக்கத்தில் ணங்கென்று வைத்துவிட்டுப் போவாள்.

ஊருக்கு உபதேசம் செய்கிறவருக்குத் தெருவில் ஒரு பதவி வேண்டாமா? தெருச் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர். தலைவர் மக்பூல் அகமது, தோல் தரகு பார்த்து ஓய்ந்தவர். தெருக்கோடியில் வரிசையாக இருக்கிற ஒண்டுக்குடித்தன வீடுகள் எல்லாம் அவருடையவை. நல்ல மனுஷர்தான். ஆனால் எந்தக் கூட்டத்திலும் அவர் வாயிலிருந்து 'சம்மதம்' என்பதைத் தவிர வேறு வார்த்தை வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதைச் சொல்லிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார்.

இப்போது தண்ணீர்ப் பிரச்சினைக்கு வருவோம். அந்தத் தெருவில் போர் போட்டால் வருவது உப்புத் தண்ணி. வாயில் வைக்க முடியாது. நல்ல தண்ணி நகராட்சிக் குழாயில் தெருமுனை வரைதான் வரும். அங்கே சங்கம் ஒரு பெரிய சின்டெக்ஸ் டேங்க் வைத்திருக்கிறது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு அதிலிருந்து வீட்டுக்குள்ளேயே பைப் போகிறது. மக்பூல் பாயின் குடித்தனக்காரர்களுக்கு டேங்க் அடியில் ஒரே ஒரு குழாய். அதைச் சுற்றிக் கம்பிக் கூண்டு, கூண்டுக்குப் பூட்டு. சாவி டேனியல் வீட்டுக் கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கும்.

முன்பெல்லாம் காலை ஆறு மணிக்குக் கூண்டு திறக்கும். பெண்கள் குடம் பிடித்து வைத்துவிட்டு ஷூ கம்பெனி பஸ் ஏறப் போவார்கள். ஆனால் டேங்க் இருப்பது டேனியலின் படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே. பிரேசில்காரர்களுக்குப் பகல் என்றால் நமக்கு ராத்திரி அல்லவா? பாவம், 'எளியோரை அரவணைப்பது எப்படி' என்று ராவெல்லாம் பேசிவிட்டுப் படுக்கிற மனுஷனுக்கு ஆறு மணிக்குக் குடம் உருளுகிற சத்தம் கேட்டால் பேஜாராக இருக்காதா? எளியோர் சத்தம் போடாமல் தண்ணீர் பிடிக்கக் கற்றுக்கொள்ளவில்லை. அவர் என்ன செய்வார்?

ஸ்டிச்சோவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது ஒரு யோசனையைப் பொதுவில் எழுதிப் போடுவார்கள். மூன்று நாளுக்குள் யாரும் ஆட்சேபணை சொல்லவில்லை என்றால் எல்லோருக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்துவிடலாம். அந்த வழக்கத்தை டேனியல் அப்படியே தெரு வாட்ஸ்அப் குரூப்புக்குக் கொண்டுவந்தார். 'நவீன ஜனநாயகம்' என்று அதற்குப் பேரும் வைத்தார். குடித்தனக்காரர்களையும் ஒருத்தர் விடாமல் குரூப்பில் சேர்த்தார். யாரையும் ஒதுக்கக் கூடாது பாருங்கள்.

ஒரு சின்ன விஷயத்தை மட்டும் கவனிக்க வேண்டும். மக்பூல் பாய் தினமும் ரோஜாப்பூ போட்டு 'குட் மார்னிங்' அனுப்புகிறார் என்று எரிச்சல்பட்டு, அந்தக் குரூப்பில் அட்மின் மட்டும்தான் பதிவு போடலாம் என்று டேனியல் முன்னாலேயே பூட்டி வைத்திருந்தார். அட்மின் யார்? அவரேதான்.

அப்புறம் என்ன, தீர்மானங்கள் மடமடவென்று நிறைவேறின. 'வரும் திங்கள் முதல் டேங்க் குழாய் காலை எட்டரைக்குத் திறக்கப்படும். ஆட்சேபணை இருந்தால் மூன்று நாளுக்குள் தெரிவிக்கவும். இல்லாவிடில் சம்மதமாகக் கருதப்படும்.' ஒரு ஆட்சேபணை கூட வரவில்லை. வாயைக் கட்டிவிட்டு விருந்து பிடித்திருக்கிறதா என்று கேட்டால் யார் குறை சொல்லப் போகிறார்கள்? டேனியல் மட்டும் உண்மையிலேயே பூரித்துப் போனார். அதுதான் வேடிக்கை. தெரு தன்னோடு ஒருமனதாக இருக்கிறது என்று அவர் மனசார நம்பினார்.

எட்டரைக்கு வீட்டில் இருக்கக் குடித்தனக்காரி ஆரோக்கியமேரியால் முடியாது. அவள் ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற லைனில் வேலை செய்பவள். ஏழு மணிக்கு பஸ் வந்துவிடும். புருஷன் லாரி ஓட்டப் போனால் வாரக்கணக்கில் ஊர்ப்பக்கம் வர மாட்டான். ஆகவே பள்ளிக்கூடம் போகிற மகள் ஸ்டெல்லாதான் எட்டரைக்கு வரிசையில் நின்று குடம் பிடித்து வைத்துவிட்டு ஓட வேண்டும். போய்ச் சேர்வதற்குள் மணி அடித்துவிடும். தினமும் வகுப்புக்கு வெளியே நிற்பாள். கணக்குப் பாடம் முதல் பீரியட். ஜன்னல் வழியாகக் கேட்டுக் கேட்டே பாதிக் கணக்கு படித்தாள் அந்தப் பிள்ளை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆரோக்கியமேரி டேனியல் வீட்டு கேட்டுக்கு வந்து நின்றாள். அவர் கேட்டைத் திறக்கவில்லை. கம்பிக்கு இந்தப் பக்கம் நின்றே பேசினார்.

"சார், டேங்க் டைம் எங்களுக்கு ஒத்து வரலை சார். பழையபடி ஆறு மணிக்கே தெறந்துடுங்க."

"உங்க கருத்தை நான் ரொம்ப மதிக்கிறேன்மா. ஆனா எதுக்கும் ஒரு முறை இருக்குது. குரூப்ல போடுங்க."

"குரூப்ல போட முடியலையே சார். அடிக்கவே விட மாட்டேங்குது."

டேனியல் ஒரு நிமிஷம் யோசித்தார். மனுஷனுக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. "சரி, எப்படியும் மூணு நாள் முடிஞ்சு போச்சே," என்று அன்பாகச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆரோக்கியமேரிக்கு வயிறு எரிந்தது. திட்டியிருந்தாலாவது திருப்பித் திட்டியிருக்கலாம். இந்த ஆள் சிரித்துக்கொண்டே கதவைச் சாத்துகிறானே!

இப்படி இருக்கையில் ஸ்டிச்சோவில் ஒரு வாய்ப்பு வந்தது. சமூகக் குழு என்று அவர்களுக்கு ஒரு மேல்சபை. அதில் ஒரு இடம் காலி. டேனியலுக்கு அந்த இடத்தின் மேல் உயிரே போகும் அளவுக்கு ஆசை. ஆம்பூர்க்காரன் ஒருத்தன் பெயர் அந்தப் பக்கத்தில் போட்டோவோடு வர வேண்டும் என்று தூக்கத்தில்கூட உளறினார். மனுவில் ஒரு கேள்வி இருந்தது: 'உங்கள் அன்றாட வாழ்க்கையில் கூட்டாக முடிவெடுத்த அனுபவம் உண்டா?' விடுவாரா? 'என் தெருவில் இரண்டு வருடமாக ஒவ்வொரு முடிவும் ஒருமனதாக எடுக்கப்பட்டிருக்கிறது. இதுவரை ஒரு ஆட்சேபணை கூட வந்ததில்லை' என்று எழுதினார். அதில் ஒரு வார்த்தை பொய் கிடையாது. வேண்டுமானால் நீங்களே பாருங்கள்.

குழுவினர் அசந்து போனார்கள். 'அந்தத் தெரு மக்களோடு நாங்கள் பேச வேண்டும்' என்று பதில் எழுதினார்கள். வீடியோவில் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். மொழிபெயர்க்க டேனியலை விட மாட்டார்களாம். குடியாத்தத்திலிருந்து ஷர்மிளா வருவாராம். ஷர்மிளா அங்கே ஒரு கல்லூரியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுப்பவர், ஸ்டிச்சோ தமிழாக்கக் குழுவில் இருப்பவர். வளவளவென்று பேசாதவர் என்பதால் டேனியலுக்கு அவரைப் பிடிக்கும். இன்னொன்றும் எழுதியிருந்தார்கள்: பேச்சு முடியும் வரை வேட்பாளர் வாய் திறக்கக் கூடாது. 'யாரைப் பற்றிப் பேசுகிறோமோ அவர் மௌனமாக இருக்க வேண்டும். அப்போதுதான் எளியவர்கள் அச்சமின்றிப் பேசுவார்கள்' என்பது விதி. எழுதியது யார் என்று நினைக்கிறீர்கள்? டேனியல்தான். போன வருஷம் அதை எழுதி முடித்தபோது அவருக்கே கண் கலங்கியது. ஏகப்பட்ட பேர் அதற்கு இதயக் குறி போட்டார்கள்.

டேனியல் முந்திக்கொண்டார். மக்பூல் பாய் வீட்டுக் குடித்தனக்காரர்களை எல்லாம் தன் வீட்டு ஹாலுக்கே வரச் சொன்னார். வாடகை நாற்காலி போட்டார். பிரியாணிக்குச் சொன்னார். மெர்சி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இத்தினி நாளா கேட்டுக்கு வெளியவே நிக்க வெச்சீங்க. இன்னைக்கு இன்னா, பிரியாணி?"

"சும்மா இரு. உலகமே பாக்கப் போவுது."

சாயங்காலம் எல்லோரும் வந்தார்கள். பீடி சுற்றி வயதாகிப்போன குர்ஷித், பேரணாம்பட்டிலிருந்து இங்கே வந்து குடியேறியவள், அண்டாவைப் பார்த்ததுமே பக்கத்தில் இருந்தவளின் காதில் சொன்னாள்: "பிரியாணி போட்டா ஓட்டு கேக்கறாங்கன்னு அர்த்தம். மொதல்ல துன்னுடுவோம், அப்புறம் பாத்துக்கலாம்." ஆரோக்கியமேரி கடைசி நாற்காலியில் உட்கார்ந்தாள். டேனியல் ஒவ்வொருவராகப் போய்க் குனிந்து, "தெருவுல எல்லாரும் ஒத்துமையா இருக்கோம்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மா," என்றார். குடித்தனக்காரர்களிடம் அவர் குனிந்து பேசியது அதுதான் முதல் தடவை. முதுகு பிடித்துக்கொண்டிருந்தால்கூட ஆச்சரியமில்லை.

சாப்பாடு முடிந்தது. ஷர்மிளா லேப்டாப்பைத் திறந்து வைத்தார். திரையில் நாலைந்து முகங்கள். நடுவில் இருந்த நரைத்த தலை அம்மாள் குழுவின் தலைவி. ஷர்மிளா கூடியிருந்தவர்களைப் பார்த்து, "நீங்க பேசறப்ப டேனியல் சார் எதுவும் பேசக்கூடாது. தலையாட்டக்கூட கூடாது. இது அவங்க சபையோட விதி," என்றார்.

ஆரோக்கியமேரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நெஜமாவா? யாரும்மா போட்டது அந்த விதிய?"

"டேனியல் சார்தான்."

ஆரோக்கியமேரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

திரை அம்மாள் கேட்டார், ஷர்மிளா தமிழில் சொன்னார்: "உங்க தெருவுல எப்படி முடிவு எடுக்கறீங்க?"

மக்பூல் பாய் தூக்கத்திலிருந்து விழித்து, "சம்மதம்," என்றார். குர்ஷித் அவரைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். ஆரோக்கியமேரி எழுந்து நின்றாள்.

"சார் குரூப்ல போடுவாரு. நாங்க பாப்போம். அவ்ளோதாம்மா."

"ஆட்சேபணை இருந்தா என்ன செய்வீங்க?"

"எங்கம்மா செய்யறது? அந்தக் குரூப்ல சார் மட்டுந்தான் எழுத முடியும். எங்க ஆளுங்க யாரு அடிச்சாலும் போவாது. மூணு நாள் பேசாம இருந்தா சம்மதம்னு எடுத்துக்குவாரு. பேசவே வுடாம, பேசலையேன்னு எடுத்துக்குவாரு."

ஷர்மிளா அதை ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னார். திரையில் இருந்த முகங்கள் எல்லாம் கேமரா பக்கம் நெருங்கி வந்தன. டேனியலின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! மிளகாயைக் கடித்தவர்போல் சிவந்து, கையை ஆட்டி, எழுந்து, மறுபடி உட்கார்ந்தார். 'அது குட் மார்னிங் மெசேஜுக்காகப் பூட்டினது' என்று கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினால் அவர் எழுதிய விதியை அவரே மீறினவர் ஆவார், இடம் போய்விடும். பாவம், தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட மனுஷர் துடைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார்.

ஆரோக்கியமேரி உட்காரவில்லை. "எம் பொண்ணு தெனம் கிளாசுக்கு வெளிய நிக்கிறா. இனிமே மணி அடிச்சா கேட்டே தெறக்க மாட்டோம்னு போன வாரம் பெரிய டீச்சர் சொல்லிட்டாங்க. தண்ணி பிடிக்கிறதா, படிக்கிறதா? இங்க எல்லாரும் பேசலாம்னா நான் இப்பவே ஒண்ணு சொல்றேன். டேங்க் ஆறு மணிக்குத் தெறக்கணும். சாவி குர்ஷித் அக்காகிட்ட இருக்கட்டும், அவங்க வூட்லதான் இருக்காங்க. அந்தக் குரூப்பு பூட்டயும் எடுத்துடணும். யாருக்காவது ஆட்சேபணை இருந்தா சொல்லுங்க. மூணு நாள்லாம் வேணாம். எல்லாரும் இங்கதான் இருக்காங்க."

டேனியலின் வாய் திறந்தது. ஷர்மிளா லேப்டாப்பிலிருந்து கண்ணை எடுக்காமலே, "சார், விதி," என்றார். வாய் மூடிக்கொண்டது.

மக்பூல் பாய் ஒரு தடவை டேனியலைப் பார்த்தார், ஒரு தடவை ஆரோக்கியமேரியைப் பார்த்தார். தொண்டையைச் செருமினார். "செயலாளர் பேசாம இருக்காரு. அப்ப அவருக்கும் சம்மதம். எனக்கும் சம்மதம்," என்றார். அவர் வாழ்நாளில் பேசிய நீளமான பேச்சு அதுதான். சொன்ன பிறகு அவர் கண்ணை மூடவில்லை.

மெர்சி எழுந்தாள். கதவுக்குப் பின்னால் போய் ஆணியிலிருந்து சாவியை எடுத்து வந்து குர்ஷித் கையில் வைத்தாள். புருஷன் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எல்லோரும் போன பிறகு டேனியல் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்துவிட்டார். இடம் போச்சு, மானம் போச்சு, பிரியாணியும் போச்சு என்று புலம்பினார். 'நன்றி கெட்ட ஜனங்க' என்றார். குரூப்பு பூட்டை எடுத்தது மெர்சி. போனை அவர் கைக்கு எட்டாமல் வைத்துக்கொண்டு எடுத்தாள். அடுத்த நிமிஷமே அதில் ஒரு ரோஜாப்பூ வந்து விழுந்தது.

ஆனால் உலகம் விசித்திரமானது ஐயா. அந்த வாரமே ஸ்டிச்சோவிலிருந்து கடிதம் வந்தது. டேனியலைத் தேர்ந்தெடுத்துவிட்டார்களாம்! 'தன் அதிகாரத்தைத் தன் மக்கள் தன் கண்ணெதிரே எடுத்துக்கொண்டபோது ஒரு சொல் பேசாமல் வழிவிட்ட தலைவரை நாங்கள் கண்டதில்லை. அவருடைய மௌனம் எங்களை உலுக்கிவிட்டது' என்று எழுதியிருந்தார்கள். அங்கேயும் மௌனத்தைச் சம்மதமாகத்தான் எடுத்துக்கொள்கிறார்கள், என்ன செய்ய? டேனியல் கடிதத்தைப் படித்தார், திரும்பவும் படித்தார். துண்டு தலையிலிருந்து இறங்கியது. சாயங்காலத்துக்குள், அன்று நடந்ததெல்லாம் தான் திட்டமிட்டு நடத்தியதே என்று அவருக்கே நம்பிக்கை வந்துவிட்டது. 'அதிகாரத்தைப் பகிர்வது எப்படி' என்று நீளமாக ஒரு கட்டுரை எழுதினார். கேட்பவன் கேனையனாக இருந்தால் கேழ்வரகில் நெய் வடிகிறது என்பார்கள். அவர் கேழ்வரகில் நெய், முந்திரி, திராட்சை எல்லாவற்றையும் வடிய வைத்தார்.

அதற்குப் பிறகு ஒரு காலை. குழுவின் புது உறுப்பினர் விடிய விடிய உலகத்தோடு பேசிவிட்டு அப்போதுதான் கண் அசந்திருந்தார். மணி ஆறு. ஜன்னலுக்குக் கீழே குடம் உருண்டது. ஒன்றல்ல, வரிசையாக. பனியனோடு எழுந்து வந்து ஜன்னலைப் படாரென்று திறந்தார்.

கீழே குர்ஷித் கூண்டைத் திறந்துவிட்டு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தாள். ஸ்டெல்லா தலை வாரி ரிப்பன் கட்டி, யூனிஃபார்மில் நின்று கடைசிக் குடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே ஆரோக்கியமேரி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பித் தயாராக நின்றாள். ஜன்னல் சத்தம் கேட்டு மேலே பார்த்தாள்.

"இன்னா சார், எதுனா ஆட்சேபணையா?" என்றாள், ரொம்ப மரியாதையாக. "குரூப்ல போடுங்க சார். இப்பல்லாம் யார் போட்டாலும் போவுது. மூணு நாள் இருக்குது."

டேனியல் பதில் சொல்ல வாயைத் திறந்தார். பின்னாலிருந்து மெர்சி எட்டி, ஜன்னல் கதவைப் பிடித்து மெதுவாகச் சாத்தினாள்.

"வாய மூடினு இருந்ததுக்குத்தான் உங்களுக்கு அந்த எடத்தையே குடுத்தாங்க," என்றாள். "தெறந்து கெடுத்துக்காதீங்க."